ஏறும் எண்ணிக்கையும் கணக்கில் ஏறாத பிள்ளைகளும்

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று இரண்டு மூன்று வாரமாக அடங்காத தாகத்தோடு இருக்கிறது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறது. இரவில் நாலைந்து தடவை எழுந்து போகிறது. பாயை நனைப்பதை எப்போதோ விட்டுவிட்ட பிள்ளை மறுபடியும் நனைக்கிறது. வயிறாரச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறது. கொல்லையில் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை வீட்டார் கவனிக்கலாம், கவனிக்காமலும் போகலாம். பிறகு ஒருநாள் வயிற்றுவலியும் வாந்தியும் வருகின்றன; மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடுகிறது; அந்த மூச்சில் கனிந்து அழுகிய பழத்தின் வாடை அடிக்கிறது. மூச்சைப் பார்த்தவர் நிமோனியா என்பார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் குடல்வால் என்பார். மலேரியா உள்ள நாட்டில் மலேரியா என்பார்கள். சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது பல ஊர்களில் முதலில் தோன்றும் வைத்தியம். இந்தப் பிள்ளைக்கு அதுவே கேடாக முடியும். விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை அளக்கும் ஸ்ட்ரிப்பில் தொட்டிருந்தால் சில விநாடிகளில் உண்மை தெரிந்திருக்கும். அப்படித் தொடாத இடத்தில் பிள்ளை இறந்துபோகிறது. காய்ச்சல் என்றோ மூச்சுத்திணறல் என்றோ காரணம் எழுதப்படுகிறது. குழந்தைகளுக்கு நீரிழிவு அந்த வட்டாரத்தில் அரிது என்ற கணக்கு மாறாமல் அப்படியே நிற்கிறது.

மருத்துவமனைகளில் ‘டைப் ஒன்’ என்று சொல்லப்படும் முதல் வகை நீரிழிவு, நடுவயதில் வரும் சர்க்கரை நோயின் குழந்தை வடிவம் அல்ல. இனிப்புத் தின்று வருவதில்லை. வளர்ப்பில் நேர்ந்த குறையும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்கள், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே பகையென்று கொண்டு அழித்துவிடுகின்றன. அழிவு மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் ஓசையின்றி நடக்கிறது. பெரும்பகுதி போன பிறகுதான் தாகமும் இளைப்பும் தெரிகின்றன. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் ஊசி வழியாக இன்சுலின் வேண்டும், கிடைக்காவிட்டால் சாவு. இந்த நோய் உலகில் பெருகுகிறதா என்பது அறுபது எழுபது ஆண்டுகளாக ஆராயப்படும் கேள்வி. அதற்கு உறுதியான விடை உண்டு என்பதும், அந்த விடையைப் பாதியோடு நிறுத்திவிட்டோம் என்பதும் இக்கட்டுரையின் வாதம். பதிவேடு உள்ள நாடுகளில் காணும் ஏற்றம் உண்மையான ஏற்றம். பதிவேடு இல்லாத நாடுகளில் காணும் தாழ்வு உண்மையான தாழ்வு என்று எவரும் மெய்ப்பித்ததில்லை. இந்த இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் படித்தால்தான் அடுத்து என்ன செய்வது என்பது விளங்கும்.

ஏற்றத்தின் வரலாற்றைப் பார்ப்போம். 1922 ஜனவரியில் டொரன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இருந்ததெல்லாம் அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஆலன் போன்றோர் கடைப்பிடித்த பட்டினி வைத்தியம்தான். மாவுச்சத்தைக் குறைத்து எலும்பும் தோலுமாக வைத்து ஓரிரு ஆண்டு உயிரை நீட்டிப்பது. நோய் கண்ட பிள்ளைகள் எல்லோரும் விரைவில் இறந்துவிட்டார்கள் என்பதால், அந்தக் காலத்து இறப்பு எண்ணிக்கையையே புதிய நோயாளிகளின் எண்ணிக்கையாக ஏறத்தாழக் கொள்ளலாம். இந்தத் தர்க்கத்தை வைத்துப் பழைய ஆவணங்களைத் துருவியவர் பிரிட்டிஷ் மருத்துவர் எட்வின் கேல். 2002-இல் அவர் எழுதிய ஆய்வின்படி, அமெரிக்காவில் 15 வயதுக்குட்பட்டோரில் நீரிழிவால் இறந்தவர்கள் 1890-இல் லட்சத்துக்கு 1.3 பேர், 1920-இல் 3.1 பேர். நோயை அடையாளம் காணாமல் விட்டவை நிறைய இருக்கும் என்று இதை மூன்று மடங்காக்கினாலும் பத்தைத் தொடவில்லை. இன்று அந்நாட்டில் ஆண்டுதோறும் லட்சத்துக்கு 20 பேருக்கு மேல் புதிதாக இந்நோய்க்கு ஆளாகிறார்கள். நார்வேயின் ஓஸ்லோ மருத்துவமனைப் பதிவுகளில் 1925 முதல் 1954 வரை ஏற்றம் எதுவும் தென்படவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின்வந்த ஆண்டுகளில்தான் கோடு வளைந்து மேலே போகத் தொடங்கியது.

அதன் பின் நடந்ததற்கு நல்ல சாட்சி பின்லாந்து. 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு 31 பேர் என்று 1980-இல் இருந்த விகிதம் 2005-இல் 64 ஆனது. இருபத்தைந்தே ஆண்டில் இரு மடங்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் ‘டயாமண்ட்’ திட்டம் 1990-களில் 57 நாடுகளில் 112 மையங்களின் கணக்கைத் திரட்டியபோது, சீனாவிலும் வெனிசுவேலாவிலும் லட்சத்துக்கு 0.1, பின்லாந்தில் 40.9 என்று நானூறு மடங்கு வேற்றுமை தெரிந்தது. தொற்றாத நோய்களில் இவ்வளவு அகன்ற இடைவெளி அபூர்வம். அந்தப் பத்தாண்டில் உலக அளவில் சராசரியாக ஆண்டுக்கு 2.8 விழுக்காடு கூடியது. ஐரோப்பாவின் ‘யூரோடியாப்’ பதிவேடுகள் 1989 முதல் 2013 வரை ஆண்டுக்கு 3.4 விழுக்காடு ஏற்றத்தைக் காட்டின. கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் கூட்டு வட்டிபோலச் சேர்ந்துகொண்டே போனால் இருபது ஆண்டில் இரட்டிப்பாகும். அதைவிடக் கவலை தருவது வயது. 2003 வரையான யூரோடியாப் கணக்கில் 10 முதல் 14 வயதினரில் ஆண்டு ஏற்றம் 2.9 விழுக்காடு, ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளில் 5.4. அதாவது நோய் பெருகுவதோடு நில்லாமல் இளவயதை நோக்கி இறங்கியும் வந்திருக்கிறது. தாகம் என்று சொல்லத் தெரியாத வயதில் ஊசி தொடங்குகிறது.

முன்பும் இத்தனை பேருக்கு நோய் இருந்தது, இப்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள் என்பது முதல் மறுப்பு. பல நோய்களுக்கு இது சரியான மறுப்பே. இரண்டாம் வகை நீரிழிவு பத்தாண்டு உடம்பில் இருந்தும் தெரியாமல் போகலாம். பரிசோதனை கூடினால் எண்ணிக்கையும் கூடும். முதல் வகை அப்படி ஒளிந்திருக்காது. வந்த சில வாரங்களில் பிள்ளை மருத்துவமனைக்கு வரும் அல்லது இறந்துபோகும். மருத்துவம் எட்டிய நாட்டில் ஆயுள் முழுக்க இன்சுலின் வாங்கும் ஒரு பிள்ளையைக் கணக்கில் விடுவது கடினம். பின்லாந்தில் 1960-களிலிருந்தே இன்சுலின் செலவை அரசின் சமூகக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கிறது. யாருக்கு என்பது பெயரோடு பதிவாகிறது. ஐரோப்பியப் பதிவேடுகள் மருத்துவமனைக் கணக்கு ஒன்று, மருந்துச் சீட்டு அல்லது நோயாளர் சங்கக் கணக்கு மற்றொன்று என இரண்டு தனித்தனி வழிகளில் திரட்டி ஒப்பிடுகின்றன. ஒன்றில் விட்டது மற்றதில் சிக்கும். பெரும்பாலான மையங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கணக்கில் வந்துவிடுகிறார்கள். பின்லாந்தில் 1980-லும் அப்படித்தான், 2005-லும் அப்படித்தான். எண்ணும் முறை மாறாத இடத்தில் எண் மாறினால் மாறியது நோய்தான்.

பரம்பரை என்பது இரண்டாவது மறுப்பு. மரபணுவுக்கு இந்நோயில் பெரிய பங்குண்டு. எதிர்ப்பு ஆற்றலை ஆளும் எச்.எல்.ஏ. மரபணுக்களில் குறிப்பிட்ட சில வகைகள் ஆபத்தைப் பன்மடங்கு கூட்டுகின்றன. இத்தாலியின் பிற பகுதிகளைவிட சார்டினியாத் தீவில் நோய் மிக அதிகம் என்பதற்கும் இதுவே முதன்மைக் காரணம். ஆனால் ஒரு மக்கள்கூட்டத்தின் மரபணுக்கள் ஒரே தலைமுறையில் இரட்டிப்பாவதில்லை. இன்சுலினால் உயிர் பிழைத்தவர்கள் பிள்ளை பெற்றதால் மரபணு பரவியது என்றும் சிலர் வாதிடுவார்கள். புதிதாக நோய் கண்ட பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒன்பது பேரின் குடும்பத்தில் இந்நோய் வேறு எவருக்கும் இல்லை என்பதே அதற்குப் போதுமான பதில். இன்னும் வலுவான சான்று ஒன்று உண்டு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பழைய நோயாளிகளின் மரபணுவையும் புதிய நோயாளிகளின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். நோய் மரபணுவால் பெருகியிருந்தால் ஆபத்தான வகைகள் கூடியிருக்க வேண்டும். நேர்மாறாக, அவற்றின் பங்கு புதியவர்களிடம் குறைந்திருந்தது. முன்னொரு காலத்தில் தப்பியிருக்கக்கூடிய மிதமான ஆபத்துள்ள பிள்ளைகளும் இப்போது நோய்க்குள் வருகிறார்கள். ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது உறுதி இல்லை. ஆக, வாழும் சூழலில் ஏதோ ஒன்று அழுத்துகிறது.

அந்த ஏதோ ஒன்று எது? இங்கே ஆராய்ச்சி நெடுங்காலம் தவித்திருக்கிறது. அந்தத் தவிப்பு நேர்மையானது. மிக அழகாக அமைந்த இயற்கைச் சோதனை பின்லாந்துக்கும் ரஷ்யாவின் கரேலியாவுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோடு. இருபுறமும் நெருங்கிய உறவுடைய மக்கள். ஆபத்தான மரபணுக்களும் ஏறத்தாழ ஒரே அளவு. வெயிலும் பனியும் ஒன்று. ஆனால் பின்லாந்துப் பிள்ளைகளுக்கு முதல் வகை நீரிழிவு ஆறு மடங்கு அதிகம். வைட்டமின் டி குறைவே காரணம் என்று எண்ணி இரு பக்கத்துக் கருவுற்ற பெண்களின் ரத்தத்தை ஒப்பிட்டார்கள், வேற்றுமை இல்லை. வேற்றுமை இருந்தது கிருமிகளில். கரேலியப் பிள்ளைகளுக்கு மஞ்சள்காமாலை ஏ, வயிற்றில் வாழும் ஹெலிகோபாக்டர் போன்ற தொற்றுகள் அதிகம். குடலில் வாழும் பாக்டீரியாக் கூட்டமும் வேறு. சிறுவயதில் எதிர்ப்பு ஆற்றலுக்குப் பழகக் கிருமிகள் கிடைக்காவிட்டால் அது சொந்த உடம்பிடமே மோதும் என்ற கருதுகோளுக்கு இது வலுச் சேர்த்தது. நீரிழிவுக்கென்றே ஆய்வகங்களில் வளர்க்கப்படும் எலிகளும் சுத்தமான கூண்டில்தான் அதிகம் நோய்ப்படுகின்றன. மறுபுறம், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடரும் ‘டெடி’ ஆய்வு, என்டிரோவைரஸ் பி வகைத் தொற்று குடலில் நீண்ட நாள் தங்கிய குழந்தைகளுக்கு பீட்டா செல்களுக்கு எதிரான தாக்குதல் தொடங்கும் ஆபத்து கூடுவதை 2019-இல் காட்டியது. பசும்பால் புரதம் காரணம் என்ற பழைய சந்தேகத்தைப் பெரிய சோதனை ஒன்று தீர்த்துவைத்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளில் பாதிப்பேருக்கு அந்தப் புரதத்தைச் சிதைத்துச் செய்த புட்டிப்பால் கொடுத்துப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்தார்கள். 2018-இல் முடிவு வந்தது, நோய் குறையவில்லை. வடதுருவத்தை நெருங்க நெருங்க நோய் அதிகம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்ததையும் குவைத் கலைத்துப்போட்டது. வெயில் கொளுத்தும் அந்நாட்டில் 1990-களின் தொடக்கத்திலிருந்து இருபது ஆண்டில் விகிதம் இரு மடங்கைத் தாண்டி, லட்சத்துக்கு நாற்பதைக் கடந்தது.

ஒற்றைக் காரணம் கிட்டவில்லை என்பதால் சூழல் வாதமே பொய் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அந்த முடிவை ஏற்க முடியவில்லை. சூழல் ஏற்றியதைச் சூழல் இறக்கவும் கூடும் என்று எதிர்பார்க்கலாம். அதற்கும் இப்போது அடையாளங்கள் உண்டு. பின்லாந்தின் கோடு 2006-க்குப் பிறகு சமதளமாகி, 2003–2006 காலத்தில் சுமார் 58 ஆக இருந்த விகிதம் 2015–2018-இல் சுமார் 52 ஆக இறங்கியது. அந்நாடு 2003 முதல் பாலில் வைட்டமின் டி சேர்ப்பதைப் பலர் காரணமாகச் சொல்கிறார்கள். மேலே சொன்ன கரேலிய ஒப்பீடு இருக்கும்போது அதை முழுதாக நம்பத் தயக்கமாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2007-இல் ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் வந்த பின், நான்கு வயது வரையான குழந்தைகளில் இந்நோய் 14 விழுக்காடு குறைந்தது. பின்லாந்தில் அதே தடுப்பு மருந்தின் சோதனையில் பங்கேற்றவர்களைப் பின்னாளில் பார்த்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. கொரோனாக் காலத்தில் நேர்மாறு. பல நாடுகளின் கணக்கை ஒன்றுசேர்த்த 2023-ஆம் ஆண்டு ஆய்வு, பெருந்தொற்றுக்கு முந்தைய நிலையைவிட முதலாண்டில் 14 விழுக்காடும் இரண்டாம் ஆண்டில் 27 விழுக்காடும் கூடியதாகச் சொன்னது. வைரஸ்தான் செய்ததா, அல்லது சில மாதம் பிந்தி வரவேண்டியது முந்தி வந்ததா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. எப்படியாயினும், மேலும் கீழும் அசைகிற இந்தக் கோட்டைப் பார்க்கும் பேறு, அதை வரைந்து வைத்திருக்கும் நாடுகளுக்கே வாய்த்திருக்கிறது.

இந்தியாவுக்கு அப்படி ஒரு கோடு இல்லை. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி 20 வயதுக்குட்பட்ட முதல் வகை நோயாளிகள் உலகில் சுமார் 12 லட்சம். அவர்களில் ஏறத்தாழ 2 லட்சத்து 29 ஆயிரம் பேர் இந்தியாவில். உலகிலேயே அதிகம் இங்கேதான். ஆனால் இது தலை எண்ணிப் பெற்ற கணக்கு அல்ல. சில ஊர்களில் நடந்த சிறு ஆய்வுகளை நாடு முழுவதற்கும் விரித்துப் பெற்றது. அந்த ஆய்வுகளை ஒன்றன்பக்கம் ஒன்றாக வைத்தால் தலை சுற்றும். 1990-களின் முற்பகுதியில் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய பதிவேட்டில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 10.5 பிள்ளைகள். அதே காலத்துப் போலந்தைவிட இது அதிகம். பக்கத்துக் கர்நாடகத்தில் 1995-இலிருந்து 13 ஆண்டு நடந்த பதிவேட்டில் ஆண்பிள்ளைகளில் 3.7, பெண்பிள்ளைகளில் 4. அரியானாவின் கர்நால் மாவட்டத்தில் 2010-இல் வெளியான ஆய்வு நோயோடு வாழ்பவர்களை எண்ணியது. நகர்ப்புறத்தில் லட்சத்துக்கு 26.6 பேர், கிராமங்களில் 4.27. ஒரே மாவட்டம், ஒரே மக்கள், ஆறு மடங்கு வேற்றுமை.

அதே ஆறு மடங்கு! பின்லாந்து–கரேலியா எல்லையில் இருந்த அதே இடைவெளி கர்நாலில் ஊருக்கும் நகரத்துக்கும் இடையே இருக்கிறது. அங்கே அதை வைத்துக் கிருமிகளைப் பற்றியும் குடல் பாக்டீரியாவைப் பற்றியும் உயர்ந்த அறிவியல் பிறந்தது. எல்லையின் இருபுறமும் நோய் கண்ட பிள்ளைகள் ஒழுங்காக எண்ணப்பட்டிருந்தார்கள் என்பதால் அது சாத்தியமாயிற்று. கர்நால் எண்ணுக்கு இரண்டு வாசிப்பு உண்டு. மண்ணோடும் மாட்டோடும் புழங்கும் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கரேலியாவைப் போல ஏதோ காப்பு இருக்கலாம். அல்லது கிராமத்தில் நோய் கண்ட பிள்ளைகள், ஆய்வாளர்கள் வந்து எண்ணுவதற்கு முன்பே இறந்துபோயிருக்கலாம். நோயோடு வாழ்பவர்களை மட்டும் எண்ணும் கணக்கில் இறந்தவர்களுக்கு இடமில்லை. இரண்டும் கலந்தும் இருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த எண்ணுக்குள் வழி கிடையாது. முதல் வாசிப்பு அறிவியல் கேள்வி, இரண்டாவது சாவு. சாவு என்ற வாசிப்பைத் தள்ளிவிடும் வரை, நம் கிராமங்களில் இந்நோய் அரிது என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

தெற்காசியர்களுக்கு இயல்பாகவே இந்நோய் குறைவு என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரம் இதைச் சோதித்துக் காட்டியது. அங்கே குடியேறிய ஆசியக் குடும்பங்களின் பிள்ளைகளில் 1978–81-இல் லட்சத்துக்கு 3.1 ஆக இருந்த விகிதம் 1988–90-இல் 11.7 ஆகி, மற்றப் பிள்ளைகளின் விகிதத்தை நெருங்கியது. பத்தே ஆண்டில் பிறவிக் காப்பு கரைந்துவிடாது. ஒன்று சூழல் மாறியது, அல்லது தாய்நாட்டுத் தாழ்வே முழு உண்மையாக இருந்ததில்லை. உலக அளவில் எத்தனை பேர் இப்படிக் கணக்குக்கு வெளியே போகிறார்கள் என்பதை 2022-இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்ல முயன்றது. 2021-இல் உலகில் முதல் வகை நோயோடு வாழ்ந்தவர்கள் எல்லா வயதிலும் சேர்த்து 84 லட்சம். நோய் இன்னதென்று கண்டறியப்படாமலே, அறிகுறி தோன்றிய ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 35,000. அகாலமாக இறக்காதிருந்தால் இன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியவர்கள் மேலும் 37 லட்சம். பத்து வயதில் நோய் கண்ட பிள்ளை செல்வ நாட்டில் இன்னும் 65 ஆண்டு வாழும்; மிக ஏழை நாடுகளில் சராசரியாக 13 ஆண்டு. ஒரே நோய், ஒரே மருந்து. மருந்து கண்டுபிடித்து நூறாண்டு ஆகிவிட்டது.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்க கனமான மறுப்பு ஒன்று உண்டு. அதை மேலோட்டமாகத் தள்ளிவிட முடியாது. நம் நாட்டிலும் ஆப்பிரிக்காவிலும் ‘டைப் ஒன்’ என்று எழுதப்படுபவை எல்லாம் உண்மையில் அதுதானா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு, மிக மெலிந்த இளைஞர்களிடம் காணும் ஒரு நீரிழிவு முதல் வகையோடும் சேராது, இரண்டாம் வகையோடும் சேராது என்று காட்டியது. ஊட்டக்குறையோடு பிணைந்த அந்த நோயைப் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2025-இல் ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் கேமரூன், உகாண்டா, தென்னாப்பிரிக்கா நாடுகளில் முதல் வகை என்று மருத்துவம் பெறும் இளையோரைச் சோதித்தபோது மூன்றில் ஏறக்குறைய இருவருக்கு அந்நோய்க்குரிய எதிர்ப்பொருள்களே ரத்தத்தில் இல்லை. அப்படியானால் ஏழை நாடுகளின் எண்ணிக்கை இன்னும் கீழே போகுமே என்று கேட்கலாம். போகலாம். ஆனால் இந்த மறுப்பு கணக்கெடுப்பின் தேவையைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது. எந்தப் பிள்ளைக்கு எந்த வகை என்று தெரியாமல் மருந்தின் அளவைக்கூட ஒழுங்காகத் தீர்மானிக்க முடியாது. வகை எதுவானாலும், வாந்தியோடும் வேக மூச்சோடும் வந்த பிள்ளைக்கு அந்த ஒரு சொட்டு ரத்தப் பரிசோதனை வேண்டியதுதான்.

இரண்டாம் வகை நோயாளிகள் கோடிக்கணக்கில் இருக்கும்போது இந்தச் சில லட்சம் பேருக்காகத் தனிப் பதிவேடு தேவையா என்பது பணத்தைப் பற்றிய மறுப்பு. தேசியத் தொற்றாநோய்த் திட்டம் 30 வயதுக்கு மேற்பட்டவர்களைத்தான் பரிசோதிக்கிறது. பெருங்கூட்டத்தைக் கருதி வகுத்த திட்டத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்கு இடமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2006-இல் இளையோர் நீரிழிவுப் பதிவேட்டைத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் அது தெரிந்தெடுத்த மருத்துவமனைகளுக்கு வந்தவர்களின் பதிவு. வராதவர்கள் அதில் வரமாட்டார்கள். பதிவேடு என்றதும் தனி அலுவலகம், தனி ஆட்கள், தனிச் செலவு என்று எண்ணுவதால்தான் இந்த மறுப்பு வலிமையாகத் தெரிகிறது. பின்லாந்து அப்படிச் செய்யவில்லை. இன்சுலினைக் கொடுத்தது, வாங்கியவர் பெயரை எழுதியது, அதுவே பதிவேடாயிற்று. தினமும் இரண்டு முதல் நான்கு ஊசி போட்டால்தான் உயிர் என்ற நோய் இது. ஆகவே மருந்து வழங்குமிடமே கணக்கெடுக்கும் இடமாக இருக்க முடியும். வேறெந்த நோய்க்கும் இந்த வசதி இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

மாலி நாட்டில் இது நடந்தது. சகாராவை ஒட்டிய அந்த ஏழை நாட்டில், இளையோருக்கு இன்சுலினும் ஸ்ட்ரிப்பும் வழங்கும் திட்டம் வந்து மருத்துவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கப்பட்ட 2007-க்கும் 2016-க்கும் இடையில், 25 வயதுக்குட்பட்டவர்களில் புதிதாகக் கண்டறியப்பட்ட முதல் வகை நோய் சுமார் ஆறு மடங்கு கூடியது. பத்தே ஆண்டில் மாலியின் சூழல் ஆறு மடங்கு கெட்டுவிட்டதா? இல்லை. முன்பு பெயரின்றிப் போன பிள்ளைகள் இப்போது பெயரோடு வந்தார்கள். கோடு மேலே போனதைப் பார்த்துக் கலங்குவதற்குப் பதிலாக மகிழ வேண்டிய இடம் இது ஒன்றுதான். நாளை நம் மாவட்டம் ஒன்றில் இப்படிச் செய்தாலும் எண் ஏறவே செய்யும். அப்போது ‘திடீர்ப் பரவல்’ என்று செய்தி எழுதுபவர்கள் மாலியை நினைவில் வைத்திருப்பது நல்லது. கண்டறிதல் நிறைவடைந்து கோடு ஒரு நிலைக்கு வந்த பிறகு காணும் ஏற்ற இறக்கம்தான் நோயின் ஏற்ற இறக்கம். அந்த நிலைக்கு வராமல் நம் நாட்டில் இது பெருகுகிறதா என்ற கேள்வியைக் கேட்பதற்கே பொருள் இல்லை.

செல்வ நாடுகள் இப்போது இன்னொரு படி தாண்டிப் போகின்றன. நோய் வெளிப்படுவதற்கு ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் தோன்றும் எதிர்ப்பொருள்களைத் தேடி, இத்தாலி 2023-இல் குழந்தைகள் அனைவரையும் பரிசோதிக்கச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் 2022 நவம்பரில் அனுமதி பெற்ற டெப்லிசுமாப் என்ற மருந்து நோய் வெளிப்படுவதைச் சராசரியாக இரண்டாண்டுக்கு மேல் தள்ளிப்போடுகிறது. இவை நம் கிராமத்துச் சுகாதார நிலையத்தை எட்ட வெகுகாலம் ஆகும். எட்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அதே இத்தாலியின் பார்மா மாகாணத்தில் 1990-களில் செய்தது அதைவிட எளிய காரியம். பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களின் அறைகளிலும் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். படுக்கையை நனைப்பதை நிறுத்திய பிள்ளை மறுபடி நனைத்தால் நீரிழிவாக இருக்கலாம் என்பதுதான் செய்தி. மருத்துவர்களுக்குக் கையில் குளுக்கோமீட்டர் கொடுத்தார்கள். அதற்கு முன் அங்கே நோய் கண்ட பிள்ளைகளில் 78 விழுக்காட்டினர் ரத்தம் அமிலமாகிய ஆபத்தான நிலையில்தான் மருத்துவமனைக்கு வந்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் அது 12.5 ஆயிற்று.

தமிழில் இந்தச் சுவரொட்டியை எழுத நான்கு வரி போதும்: தாகம், அடிக்கடி சிறுநீர், இளைப்பு, படுக்கை நனைத்தல். கிராமத்து வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லாவிட்டால் மண்பானைக்குள் ஈரமணல் இட்டு அதன் நடுவே இன்சுலின் குப்பியை வைத்துக் காக்கும் வழியை நம் மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். பானைக்குள் வைக்கக் குப்பி மாதந்தோறும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் இலவசமாகவும் தடையின்றியும் கிடைக்க வேண்டும். கிடைக்கும் இடத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். அதில் பிள்ளையின் பெயரும் வயதும் ஒரு கட்டம். ஊர் ஒரு கட்டம். நோய் தெரிந்த தேதியும், எந்த நிலையில் வந்தது என்பதும் ஒரு கட்டம். அடுத்த ஆண்டும் வந்து மருந்து வாங்கியதா என்பது நான்காவது கட்டம்.